அலையன்ஸ்: கல்யாணத்துக்கும் போருக்கும் ஒரே சொல்லா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பொண்ணுக்கு ஒரு நல்ல அலையன்ஸ் வந்திருக்கு" என்று கூடத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் ஓடும் டிவியில் நேட்டோ அலையன்ஸ், தேர்தல் அலையன்ஸ் என்று வேறு வகை அலையன்ஸ்கள் போய்க்கொண்டிருக்கும். மொழிபெயர்ப்பு என் பிழைப்பு என்பதால் இந்தச் சொல்லைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் அதிகம். கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

அலையன்ஸ் என்ற சொல்லுக்கு அடிப்படைப் பொருள் என்ன?

கட்டு. அவ்வளவுதான். லத்தீனில் 'லிகாரே' என்றால் கட்டுவது. 'அட்' என்றால் 'ஒன்றோடு'. இரண்டும் சேரும்போது நம் புணர்ச்சி விதி மாதிரியே அங்கேயும் எழுத்து திரிந்து 'அல்லிகாரே' ஆகிறது. ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துக் கட்டுவது என்று பொருள். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து 'அலியே' என்ற வினையானது, அதிலிருந்து 'அலியான்ஸ்' என்ற பெயர்ச்சொல் வந்தது. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அங்கே அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான் புழங்கியது. அந்த வழியாகப் புகுந்த ஆயிரக்கணக்கான சொற்களில் இதுவும் ஒன்று. 1300ஐ ஒட்டி ஆங்கிலத்தில் தென்பட ஆரம்பிக்கிறது.

கல்யாணத்துக்கு அலையன்ஸ் என்று சொல்வது இந்தியர்கள் செய்யும் தப்பு என்கிறார்களே?

தப்பே இல்லை. இந்தப் பக்கத்தை எழுதவே இந்தக் கேள்விதான் காரணம்.

என் உறவுக்காரப் பையன் ஒருவன் அலுவலகத்தில் வெளிநாட்டு மேலாளருக்கு, "ஒரு அலையன்ஸ் விஷயமாக ஊருக்குப் போகிறேன், இரண்டு நாள் லீவு வேண்டும்" என்று மெயில் போட்டான். அந்த மனிதர் பயந்துபோய், "நீ எந்தக் கம்பெனியோடு பேசிக்கொண்டிருக்கிறாய்?" என்று பதில் போட்டாராம். பையன் வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம் வந்தான், தான் தப்பு இங்கிலீஷ் எழுதிவிட்டதாக. எழுதியது தப்பில்லை, கொஞ்சம் பழசு என்றேன். அறுநூறு எழுநூறு வருஷம் பழசு.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் நுழைந்தபோது அதற்கு முதலில் இருந்த பொருளே கல்யாண உறவுதான். அரச குடும்பங்களும் பிரபுக் குடும்பங்களும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதைத்தான் அலையன்ஸ் என்றார்கள். நாடுகளுக்கு இடையிலான உடன்படிக்கை என்ற பொருள் அதற்குப் பிறகு, 14ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வலுக்கிறது. கூட்டாளியைக் குறிக்கும் 'ஆலை' (ally) என்ற தனிச் சொல்லும் அப்படித்தான். முதலில் அது 'சொந்தக்காரன்', பிறகுதான் 'நட்பு நாடு'. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டில் தன் நண்பன் மெர்கூஷியோவை இளவரசரின் நெருங்கிய 'ஆலை' என்று ரோமியோ சொல்வான். அங்கே சொந்தக்காரன் என்றுதான் அர்த்தம். அதே நாடகத்தில் பாதிரியார் இந்த அலையன்ஸால் இரண்டு குடும்பங்களின் பகை தீரட்டும் என்று நினைத்துத்தான் ரகசியக் கல்யாணத்துக்கே சம்மதிக்கிறார். அந்த இடத்தில் கல்யாணம், சமாதான உடன்படிக்கை இரண்டுமே அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன.

இங்கிலாந்தில் பேச்சுவழக்கில் கல்யாணப் பொருள் மங்கிவிட்டது, எழுத்தில் மட்டும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை விளம்பரங்கள் அதை உயிரோடு வைத்திருக்கின்றன. கடன் வாங்கியவர் வீட்டில் பத்திரமாக இருக்கும் பாத்திரம், கொடுத்தவர் வீட்டில் காணாமல் போன மாதிரி.

இன்னொன்று. பிரெஞ்சில் இன்றைக்கும் 'அலியான்ஸ்' என்றால் விரலில் போடும் கல்யாண மோதிரம். பாரிஸில் நகைக்கடைக்குப் போய் அலியான்ஸ் வேண்டும் என்றால் யாரும் முழிக்க மாட்டார்கள்.

தமிழில் இதற்குச் சரியான இணை எது?

கல்யாணப் பொருளில் என்றால் 'சம்பந்தம்'. யாரோ உட்கார்ந்து மொழிபெயர்த்த மாதிரி அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. 'சம்' என்றால் சேர்ந்து, 'பந்தம்' என்றால் கட்டு. சமஸ்கிருதத்திலும் லத்தீனிலும் தனித்தனியாக ஒரே யோசனை ஓடியிருக்கிறது. 'சம்பந்தம் பேசப் போனோம்', 'அவங்க நமக்கு சம்பந்தி' என்கிறோமே, இந்தச் சம்பந்திக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடையாது. மொழிபெயர்ப்பில் நான் திண்டாடும் இடங்களில் இது ஒன்று. மகனின் மாமனார், மகளின் மாமியார் என்று நீட்டி முழக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் வினையும் அதே வழிதான். 'அவளையே கட்டிக்கிட்டான்', 'கட்டிக்கொடுத்த இடம்', 'தாலி கட்டுதல்' எல்லாம் கட்டுதான்.

இதில் ஒரு சுவாரசியமான கிளைக்கதை உண்டு. லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு மானுடவியலாளர் 1949–50இல் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர் மக்களோடு தங்கி ஆய்வு செய்தார். அங்கே கேட்ட உறவுமுறைச் சொற்கள் அவரை யோசிக்க வைத்தன. அம்மாவின் தம்பியும் மாமா, பெண் கொடுத்தவரும் மாமா. அப்பாவின் தங்கையும் அத்தை, கட்டியவனின் அம்மாவும் அத்தை. மாமன் மகனும் மச்சான், தங்கையைக் கட்டியவனும் மச்சான். ஆங்கிலத்தில் கல்யாணத்தால் வரும் உறவுக்கெல்லாம் 'இன்-லா' என்று ஒரு வாலை ஒட்டி ரத்த உறவிலிருந்து பிரித்துவிடுவார்கள். தமிழில் அந்த வால் கிடையாது. துய்மோன் வந்து சேர்ந்த முடிவு இது: தென்னிந்தியாவில் அலையன்ஸ் என்பது கல்யாண நாளில் தொடங்கும் ஒன்றில்லை. சொத்து மாதிரி அதுவும் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. அப்பா யாரோடு சம்பந்தம் செய்தாரோ, அவர்களின் பிள்ளைகள் பிறக்கும்போதே மகனுக்கு மச்சானும் முறைப்பெண்ணும் ஆகிவிடுகிறார்கள். 1957இல் அவர் இதை எழுதி வெளியிட்ட பிறகு, மானுடவியல் பாடத்தில் 'அலையன்ஸ் கோட்பாடு' என்று எடுத்தால் தமிழ் உறவுமுறையைத் தொடாமல் போக முடியாது. நம் வீட்டு 'முறை' அவர்கள் வகுப்பறையில் பாடம்.

குடும்பச் சொல் எப்படி ராஜதந்திரச் சொல் ஆனது?

ராஜாக்களுக்குக் குடும்பமும் ராஜதந்திரமும் வேறு வேறாக இருந்ததில்லை என்பதால். இதைத் தெளிவாகக் காட்ட ஒரு உதாரணம் போதும்: இங்கிலாந்தும் போர்த்துகலும்.

1373இல் இரண்டு நாடுகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 1386இல் விண்ட்சரில் அதை இன்னும் கெட்டியாக்கினார்கள். மறு வருஷமே இங்கிலாந்தின் ஜான் ஆஃப் கான்ட் பிரபுவின் மகள் ஃபிலிப்பாவுக்கும் போர்த்துகல் மன்னர் முதலாம் ஜானுக்கும் போர்த்தோ நகரில் கல்யாணம். கையெழுத்து ஒரு கட்டு, கல்யாணம் இன்னொரு கட்டு. அலையன்ஸ் என்ற சொல் ஆங்கிலத்தில் கல்யாணத்திலிருந்து உடன்படிக்கைக்கு நகர்ந்ததும் இதே காலம்தான்.

அந்தக் கட்டு அவிழாமல் நின்றது. 1661இல் மறுபடி ஒப்பந்தம், 1662இல் மறுபடி கல்யாணம். போர்த்துகல் இளவரசி கேதரின் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு மனைவியானார். கூடவே வந்த சீர்வரிசையில் ஓர் அயிட்டம் நமக்குத் தெரிந்த இடம்: பம்பாய். சார்லஸுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது. 1668இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருஷத்துக்கு 10 பவுண்டு வாடகைக்கு விட்டுவிட்டார். சீராக வந்த ஊரை வாடகைக்கு விட்ட மாப்பிள்ளை!

இரண்டாம் உலகப் போரில், 1943 அக்டோபரில், போர்த்துகலின் அசோர்ஸ் தீவுகளில் பிரிட்டனுக்குத் தளம் கிடைத்ததை சர்ச்சில் நாடாளுமன்றத்தில் அறிவித்தபோது 1373ஆம் வருஷ உடன்படிக்கையைத்தான் ஆதாரமாகச் சொன்னார். 570 வருஷத்துப் பத்திரத்தை எடுத்துக் காட்டிப் பேசியதைக் கேட்டு உறுப்பினர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. இன்றும் நடப்பில் இருக்கும் உடன்படிக்கைகளில் உலகிலேயே மிகப் பழையது என்று வழக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள்.

முதல் உலகப் போரில் 'அலையன்ஸ்' ஒரு பக்கம், 'அலைஸ்' எதிர்ப்பக்கம். அச்சுப் பிழையா?

பிழை இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. பொறுமையாகப் பார்க்கலாம்.

1882இல் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி மூன்றும் சேர்ந்தது 'ட்ரிப்பிள் அலையன்ஸ்'. எதிர்ப்பக்கம் பிரான்ஸும் ரஷ்யாவும் முன்பே உடன்படிக்கை செய்திருந்தன. பிரிட்டன் 1904இல் பிரான்ஸோடும் 1907இல் ரஷ்யாவோடும் தங்கள் தகராறுகளைப் பேசி முடித்துக்கொண்டது. அந்த மூன்றுக்கும் 'ட்ரிப்பிள் ஆந்தாந்த்' என்று பெயர். 'ஆந்தாந்த்' பிரெஞ்சுச் சொல், புரிந்துணர்வு என்று பொருள். தமிழில் இரண்டின் பெயர்களையும் ஏறத்தாழ ஒரே மாதிரி எழுதுவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

வித்தியாசம் முக்கியமானது. அலையன்ஸில் கட்டு உண்டு: ஒருவரைத் தாக்கினால் மற்றவர் வந்தாக வேண்டும் என்று எழுத்தில் இருக்கும். பிரிட்டனுக்கு அந்த மாதிரிக் கட்டில் மாட்டிக்கொள்ள விருப்பமில்லை. 'நமக்குள்ள ஒரு புரிதல் இருக்கு' என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. நிச்சயதார்த்தம் ஆன இடத்துக்கும், 'பார்ப்போம், பேசி வைப்போம்' என்ற இடத்துக்கும் உள்ள வித்தியாசம்.

1914இல் போர் வெடித்ததும் நடந்ததுதான் வேடிக்கை. கையெழுத்துப் போட்டுக் கட்டுண்டிருந்த இத்தாலி, 'இது தற்காப்பு உடன்படிக்கை, ஆஸ்திரியாதான் செர்பியாமேல் போர் தொடுத்தது, அதனால் நாங்கள் வரத் தேவையில்லை' என்று சட்டம் பேசி ஒதுங்கியது. 1915 மே 23 அன்று தன் பழைய கூட்டாளி ஆஸ்திரியா-ஹங்கேரிமேலேயே போர் அறிவித்தது. வெறும் 'புரிதல்' வைத்திருந்த பிரிட்டனோ, ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் புகுந்ததும் முதல் வாரத்திலேயே இறங்கிவிட்டது. போருக்குள் வந்த பிறகு பிரான்ஸ், ரஷ்யா, பிரிட்டன் தரப்புதான் 'அலைஸ்', தமிழில் நேச நாடுகள். எதிர்த்தரப்பு மைய நாடுகள். ட்ரிப்பிள் அலையன்ஸ் என்ற பெயரைச் சுமக்க மூன்றாவது ஆள் இல்லை.

'நேச நாடுகள்' என்று தமிழில் முதலில் எழுதியவர் யாரோ, தாராள மனசுக்காரர். மூலச் சொல்லில் நேசமும் கிடையாது, பாசமும் கிடையாது. கட்டு மட்டும்தான்.

கோஅலிஷன், ஆக்சிஸ், லீக், ஃபெடரேஷன்: இவையெல்லாம் அலையன்ஸ்தானே?

பொருளில் பக்கத்து வீடு, வேரில் வேறு ஊர். லீக் மட்டும் ஒரே வீடு. அது இத்தாலி மொழியின் 'லேகா' வழியாக அதே 'லிகாரே'யிலிருந்து வருகிறது. முஸ்லிம் லீக்கில் உள்ள லீக்கும் ஐ.பி.எல்.லில் உள்ள லீக்கும் வேரில் கட்டுதான்.

கோஅலிஷன் 'சேர்ந்து வளர்வது' என்ற பொருள் தரும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆறிய காயத்தின் இரண்டு ஓரங்கள் ஒட்டிக்கொள்கிற மாதிரி. அலையன்ஸில் இரண்டும் இரண்டாகவே இருக்கும், நடுவில் கயிறு இருக்கும். கோஅலிஷனில் இரண்டும் ஒன்றாக வேண்டும். அதனால்தான் சேர்ந்து தேர்தலில் நிற்பதை அலையன்ஸ் என்றும், சேர்ந்து அமைச்சரவை அமைப்பதைக் கோஅலிஷன் என்றும் சொல்வது வழக்கம். தமிழில் இரண்டையும் 'கூட்டணி' என்றே எழுதிவிட்டு, தேவைப்பட்டால் பின்னதைக் 'கூட்டணி ஆட்சி' என்கிறோம். தமிழ்நாட்டில் இந்த வித்தியாசத்துக்காகவே தேர்தலுக்குத் தேர்தல் சண்டை நடப்பதைப் பார்க்கிறோம்.

ஆக்சிஸ் அச்சு. முசோலினி 1936 நவம்பர் 1 அன்று மிலானில் பேசும்போது ரோமுக்கும் பெர்லினுக்கும் இடையிலான கோடு ஓர் அச்சு என்றார், மற்ற நாடுகள் அதைச் சுற்றி வரலாம் என்ற தோரணையில். 'அச்சு நாடுகள்' அப்படி வந்தது. ஃபெடரேஷனின் வேர் உடன்படிக்கை என்று பொருள்படும் லத்தீன் சொல்.

பழைய ரோமர்கள் தங்கள் கூட்டாளிகளை என்ன சொல்லி அழைத்தார்கள்?

'சோக்கியி'. தோழர்கள் என்று அர்த்தம். சோஷியல், சொசைட்டி எல்லாம் அந்தக் குடும்பம். அந்தத் தோழர்கள் தங்களுக்கும் ரோமானியக் குடியுரிமை வேண்டும் என்று கி.மு. 91இல் ரோமையே எதிர்த்துக் கிளம்பிய போருக்கு ஆங்கிலத்தில் 'சோஷியல் வார்' என்று பெயர். சமூகப் போர் என்று மொழிபெயர்த்து வைத்திருப்பதைப் பார்த்தால் திருத்திவிடுங்கள். கூட்டாளிகள் போர்.

அலையன்ஸின் சொந்தக்காரச் சொற்கள் வேறு என்னென்ன?

நாம் தினமும் சொல்பவை நிறைய உண்டு. கிரிக்கெட் வீரருக்கு முழங்காலில் 'லிகமென்ட்' கிழிந்தது என்கிறார்களே, அது எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் நார். நகைக்கடனோ வீட்டுக்கடனோ கட்டி முடிக்கும்வரை வங்கிக்காரர்கள் போட்டு வைக்கும் 'லியன்', கணக்குப் புத்தகத்தில் வரும் 'லயபிலிட்டி', அரசு அலுவலகங்களுக்கு அலையும் 'லியேசன்' ஆபீசர், எல்லாம் அதே கயிறு. சிதறி ஓடிய படையை மறுபடி கட்டிச் சேர்ப்பதுதான் 'ரேலி'. கட்சிக்காரர்கள் நடத்தும் பேரணிக்கு அந்தப் பெயர் பிற்பாடு வந்தது.

எனக்குப் பிடித்த உறவு 'அலாய்', அதாவது கலப்பு உலோகம். அதுவும் 'அல்லிகாரே'தான், ஒரு உலோகத்தை இன்னொன்றோடு கட்டுவது. தாலியின் பின்பக்கம் 916 என்று முத்திரை இருக்கும். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மீதி 84 பங்கு செம்பும் வெள்ளியும் போன்ற வேறு உலோகங்கள். சுத்தத் தங்கம் வளையும், நெளியும். அதைக் கெட்டியாக்குவது அந்த மீதிதான். ஆக, அலையன்ஸுக்குக் கட்டும் தாலியே ஓர் அலாய்.

மதத்தைக் குறிக்கும் 'ரிலிஜனும்' இந்தக் குடும்பமா என்பது ரோமர் காலத்துச் சண்டை. கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ் 'கட்டு' என்றார், அவருக்கு முன்பே ரோமானியப் பேச்சாளர் சிசரோ 'திரும்ப வாசிப்பது' என்ற வேரைச் சொல்லியிருந்தார். இன்னும் தீரவில்லை.

ஒரு எச்சரிக்கை: 'ஏலியன்', 'ஏலியாஸ்' இரண்டும் பார்வைக்கு உறவு மாதிரி இருக்கும், கிடையாது. அவை 'மற்றவன்' என்ற பொருள்தரும் வேறு லத்தீன் சொல்லின் பிள்ளைகள்.

அணிசேரா நாடுகள் என்பதில் வருவதும் இதே சொல்லா?

இல்லை. 1961இல் பெல்கிரேடு மாநாட்டோடு தொடங்கிய அணிசேரா இயக்கத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது 'அலைன்'. அது 'லைன்', கோடு என்பதிலிருந்து வருகிறது: ஒரே வரிசையில் நிற்பது. அணி என்றால் தமிழிலும் வரிசை, படை வரிசை. ஆக 'அணிசேரா' மிகச் சரியான மொழிபெயர்ப்பு. இதை யோசிக்கும்போதுதான் தோன்றுகிறது, நம் 'கூட்டணி'யும் கட்டைப் பற்றிப் பேசவில்லை. கூட்டு, அணி: சேர்ந்து வரிசையில் நிற்பது. வரிசையிலிருந்து நகர்வது சுலபம். அவிழ்க்க வேண்டிய முடிச்சு எதுவும் இல்லை.

உச்சரிப்பு?

பெயர்ச்சொல் 'ஆலை', சர்க்கரை ஆலை மாதிரி. வினைச்சொல் 'அலை', கடல் அலை மாதிரி. இதைவிடச் சுலபமாக நினைவில் வைக்க வழியில்லை. பன்மையை 'அலைஸ்' என்று நாம் சொன்னாலும் ஆங்கிலேயர் வாயில் அது 'ஆலைஸ்'. 'ஆலி' என்று சொன்னால் அது சந்து, பௌலிங் ஆலியில் வருவது. அலையன்ஸில் அழுத்தம் 'லை'மேல். கல்லூரியில் மேஜருக்குத் துணையாகப் படிக்கும் 'அல்லைடு' பேப்பரும் இதே சொல்தான்.

அப்படியானால் மொழிபெயர்க்கும்போது எதைப் போடுவது?

நான் செய்வதைச் சொல்கிறேன். கட்சிகள் என்றால் கூட்டணி, வேறு எதுவும் இயல்பாக ஒலிக்காது. நேட்டோ மாதிரி ராணுவ ஏற்பாடு என்றாலும் ராணுவக் கூட்டணி. நூறு வருஷத்துக்கு முந்தைய எழுத்துமூல ஒப்பந்தம் என்றால் உடன்படிக்கை. ராஜ குடும்பங்கள் பெண் கொடுத்து எடுத்திருந்தால் மணவுறவு அல்லது சம்பந்தம். தனி ஒரு 'ஆலை'க்கு, கொஞ்சம் இலக்கிய வாசனை உள்ள இடமென்றால் 'துணை'. பகைவரைப் பற்றிச் சொல்லும்போது வள்ளுவர் இந்தப் பொருளில் ஆளும் சொல் அது.

கல்யாணத் தரகர் பேசும் வசனம் என்றால் மொழிபெயர்ப்பதே இல்லை. 'அலையன்ஸ்' என்று அப்படியே விட்டுவிடுவேன்.